புரதத்தில் கொழுப்பு அமிலம் ஒட்டிக்கொள்வதால் என்ன பயன்?

கொழுப்பு தண்ணீரோடு சேராது, செல் சவ்வோடு சேரும். அதனால் கொழுப்பு வால் ஒட்டிய புரதம் சவ்வில் ஊன்றி நிற்கும். 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் ஒட்டினால் பெரும்பாலும் நிரந்தரம்தான். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தைச் செல் கழற்றி மாட்டிக்கொள்ளும்.

சரி, எனக்குப் பிடித்த உதாரணம் வேறு: பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின். 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் எலியின் இரைப்பையில் இதைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 28 அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றாவதான செரீனில் 8 கார்பன் கொண்ட ஆக்டனாயிக் அமிலம் (தேங்காய் எண்ணெயிலும் இருப்பதுதான்) ஒட்டியிருக்கும். இங்கே நங்கூர வேலையே இல்லை. அந்த வால் இல்லாத கிரெலினைப் பசி ஏற்பி (செல்லில் இந்த ஹார்மோனை உணரும் புரதம்) கண்டுகொள்ளாது. வாலை ஒட்டும் நொதி 2008-இல் பிடிபட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கம் 'கோட்' (GOAT), அதாவது ஆடு!