மானுக்கு க்ளோவர் போடறதுக்கு முன்னாடி மண்ணுக்கு சுண்ணாம்பு போடுங்க தம்பி

தம்பி, அட்லாண்டாவுக்கு வெளிய புதுசா வாங்குன வீட்டுக்குப் பின்னாடி அரை ஏக்கர் செம்மண் சும்மா கிடக்கு, மான் வந்து மேயுற மாதிரி க்ளோவர்ங்கற மூணு இலை தீவனச் செடி போடணும், பக்கத்து வீட்டுக்காரர் முதல்ல சுண்ணாம்பு போடச் சொல்றார், ஆனா ஊர்ல அப்பா வயலுக்கு ஜிப்சம்தான போடுவாரு, எது சரின்னு கேட்டிருக்கீங்க. இங்க சுண்ணாம்புதான். அப்பா செஞ்சதும் அந்த மண்ணுக்கு சரிதான்.

நம்ம பக்கம் களர் நிலத்துல சோடியம் ஏறிப்போயிருக்கும், அத வெளிய தள்ளத்தான் ஜிப்சம். அட்லாண்டா இருக்கற ஜார்ஜியா மாநிலத்து கதையே வேற, வருஷத்துக்கு 50 இன்ச் கிட்ட மழை கொட்டுது, கால்சியம் மெக்னீசியம் எல்லாம் கரைஞ்சு கீழ போயிடும், போதாததுக்கு இந்தப் பக்கமெல்லாம் அந்தக் காலத்துல பருத்தியா போட்டு போட்டு மேல்மண்ணும் அரிச்சுப்போன பூமி. பிஎச், அதாவது மண்ணோட அமிலத்தன்மைய காட்டற அளவு, 5 பக்கத்துல இருக்கறது இங்க சாதாரணம், எண் குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி, க்ளோவருக்கு 6ல இருந்து 6.5 வேணும். ஒரு புள்ளி வித்தியாசம்தானன்னு நினைக்காதீங்க, 6ஐ விட 5ல அமிலம் பத்து மடங்கு ஜாஸ்தி. 5.5க்கு கீழ போனா மண்ணுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனிய கருக்கிடும், போட்ட பாஸ்பரஸ் செடிக்கு கிடைக்காம மண்ணுலயே கட்டிக்கும், காத்துல இருக்கற நைட்ரஜன பிடிச்சுக் கொடுக்கற வேர் முடிச்சும் சரியா பிடிக்காது. ஜிப்சத்துல கால்சியம் உண்டு, ஆனா அது பிஎச்ச ஏத்தாது, சுண்ணாம்புதான் ஏத்தும்.

எவ்ளோ போடணும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, நான் சொன்னாலும்தான். உங்க கவுன்ட்டில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, யூனிவர்சிட்டி ஆஃப் ஜார்ஜியா எக்ஸ்டென்ஷன்னு விவசாய ஆலோசனை ஆபீஸ் இருக்கும், அங்க மண் பரிசோதனைக்கு பை கொடுப்பாங்க, செலவு கம்மிதான். நிலம் முழுக்க அங்கங்க பத்து பதினஞ்சு இடத்துல ஆறு இன்ச் ஆழம் எடுத்து பிளாஸ்டிக் வாளில கலந்து கொடுங்க, துத்தநாகம் பூசுன தகர வாளி வேணாம், ரிசல்ட்ல துத்தநாகம் தப்பா காட்டும். என்ன பயிர்னு மறக்காம எழுதுங்க. ஏக்கருக்கு ரெண்டு டன்னுன்னு வந்துச்சுன்னு வைங்க, உங்க அரை ஏக்கருக்கு ஒரு டன், அதாவது 40 பவுண்ட் பை 50. களிமண்ணா இருந்தா மணலை விட ஜாஸ்திதான் கேக்கும்.

கடைல ஹைட்ரேட்டட் லைம்னு ஒண்ணு இருக்கும், நம்ம ஊர்ல சுவருக்கு அடிக்கற நீத்த சுண்ணாம்புதான் அது, தோலு கண்ணு எல்லாம் பொசுக்கிடும், அத தொடாதீங்க. வேண்டியது சும்மா அரைச்ச சுண்ணாம்புக்கல். பையில குருணையா வர்ற பெல்லட் லைம் கையால தள்ளற ஸ்ப்ரெடர்லயே போட்டுடலாம், விலைதான் கூட. லாரில வர்ற தூள் மலிவு, ஆனா வீட்டுப் பின்பக்கம் லாரி நுழையணுமே. ரிப்போர்ட்ல மெக்னீசியம் கம்மின்னு இருந்தா மெக்னீசியமும் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் வாங்குங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம், புதுசா வந்தவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, பூமிக்கடில போற கேஸ் லைன், கரண்ட் லைன் எல்லாம் ஃப்ரீயா குறிச்சுக் கொடுப்பாங்க. செப்டிக் டேங்க் வீடுன்னா அதோட குழாய் போற இடத்துல டிராக்டரே ஏத்தாதீங்க. புல்லுல இறங்கும்போது பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, உண்ணி கடி இங்க லேசுப்பட்டதில்ல.

சுண்ணாம்பு மேல தூவி விட்டா அங்கயேதான் கிடக்கும், கீழ இறங்க வருஷக்கணக்காகும், அதனால டிராக்டர்ல மாட்டற வட்டத் தட்டுக் கலப்பை, அதான் டிஸ்க், ஓட்டி நாலஞ்சு இன்ச் வரைக்கும் மண்ணோட கலக்கணும். கலந்தாலும் வேலை செய்ய மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும். இப்ப மார்ச், இப்பவே முடிச்சிட்டீங்கன்னா செப்டம்பர் கடைசில விதைக்க சரியா இருக்கும். க்ளோவர் விதை கடுகை விட பொடிசு, கால் இன்ச்சுக்கு மேல புதைஞ்சா முளைக்காது, மண்ண உருளை போட்டு அமுக்கிட்டு மேலாப்புல தூவி இன்னொரு தடவை அமுக்குங்க. கூடவே கொஞ்சம் கோதுமையோ ஓட்ஸோ கலந்தா சீக்கிரம் எழும்பி மான் வாயில முதல்ல அது போகும், க்ளோவர் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். ஒரு ஓரத்துல கோழிக் கம்பிவலைய வட்டமா நட்டு வைங்க, உள்ளயும் வெளியயும் செடி உயரத்த பாத்தா மான் எவ்ளோ தின்னுருக்குன்னு தெரிஞ்சிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க, எத்தனை பை, எந்த சுண்ணாம்புன்னு சேர்ந்து கணக்கு போட்டுடலாம்.