நல்ல நாற்காலி வாங்கினால் கழுத்து வலி போய்விடுமா?

"ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன். சாயங்காலமானால் கழுத்தும் தோளும் இறுகிப் போகின்றன, கண் எரிகிறது. விலை கூடிய நாற்காலி வாங்கினால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாற்காலியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு டேப்பை எடுத்து உங்கள் மேஜையை அளந்து பாருங்கள். கழுத்து, தோள் வலி என்று வருகிற பலருக்கு உண்மையில் தொல்லை கொடுப்பது மேஜையின் உயரம். அதை யாரும் சந்தேகப்படுவதே கிடையாது.

உங்கள் உயரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. என்னைப் போல உயரம் குறைந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்கிற வலி அச்சு அசலாக எனக்கு இருந்த வலி. நெட்டையானவர் என்றால் உங்கள் பிரச்சினை வேறாக இருக்கும். மேஜையும் மானிட்டரும் தாழ்வாக இருந்து குனியவேண்டி வரும். அப்போதும் அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். நாள் முழுக்க மவுஸும் கையுமாக இருக்கிற வேலை. உயரம் ஐந்தடி. வலது தோளில், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் அந்தப் பட்டையான தசையில், மதியம் ஆரம்பிக்கும் வலி ராத்திரி தலைவலியாக முடியும். சொன்னவர்களெல்லாம் ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள்: நிமிர்ந்து உட்கார். வீட்டில் சொன்னார்கள், அலுவலகத்தில் சொன்னார்கள், வேறு எதற்கோ பார்க்கப் போன டாக்டரும் சொன்னார். நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தும் வலித்தது. ஒருவர் வலிக்கிறது என்று சொல்லும்போது, அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் குற்றத்தை அவர் முதுகின் மேலேயே போட்டுவிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அந்த ஆற்றாமையில்தான்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அந்த அம்மா முதல் நாள் என் தோளைத் தொடக்கூட இல்லை. "நீங்க வேலை செய்யறப்ப பக்கவாட்டுல இருந்து ஒரு போட்டோ வேணும். உங்களுக்குத் தெரியாம யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. தெரிஞ்சா சரி பண்ணி உட்கார்ந்துக்குவீங்க" என்றார். பக்கத்து இருக்கைத் தம்பி ஒருவன் எடுத்துக் கொடுத்தான். போட்டோவைப் பார்த்தால் முதுகு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தோளும் காதை நோக்கி ஏறியிருக்கின்றன, முழங்கைகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன, குதிகால் தரையில் படவே இல்லை. பார்த்த பிறகும் உடம்பில் அது தெரியவில்லை. அந்த நிலை அவ்வளவு பழகிவிட்டது.

அடுத்து அவர் அளக்கச் சொன்னது இதுதான். பாதம் முழுக்கத் தரையில் படும்படி உட்கார்ந்து, மேல்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் என்ன உயரம்? எனக்கு 61 சென்டிமீட்டர் வந்தது. மேஜை 75. நடுவில் 14 சென்டிமீட்டர் இடிக்கிறது. கை எப்படியும் விசைப்பலகைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த 14 சென்டிமீட்டரைத் தோள்தான் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது, நாள் பூராவும். பெரிய பாரத்தை ஒருமுறை தூக்கினால் தசை அதை இறக்கி வைத்துவிட்டு ஓய்வெடுக்கும். சின்னச் சுமையை மணிக்கணக்கில் இறக்காமலே பிடித்திருக்கும்போது அந்த ஓய்வு கிடைப்பதில்லை. தசையில் ரத்த ஓட்டமும் குறைகிறது. வலி வருவது அப்படித்தான்.

கடைகளில் கிடைக்கும் நிலையான மேஜைகள் பெரும்பாலும் 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வருகின்றன. அது நல்ல உயரமான ஆளுக்குத் தோதான அளவு. ஐந்தடிப் பெண் ஒருத்தி அங்கே நாள் முழுக்க உட்காருவாள் என்று அந்த அளவை வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

மேஜைக் காலை அறுக்க முடியாது. அதனால் நாற்காலியை ஏற்ற வேண்டும், முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும் வரைக்கும். ஏற்றியதும் கால் தொங்கும். தொங்கினால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும். சாயங்காலம் பாதம் மரத்துப்போகும், வீங்கும். ஆகவே காலுக்குக் கீழே ஒரு மேடை வேண்டும். அலுவலகத்தில் எழுதிக் கேட்டேன். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், இருக்கைகளெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. எல்லாரும் கேட்டால் எல்லாருக்கும் தேவை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சரி, விடுங்கள். பிரிண்டருக்கு வாங்கும் ஏ4 பேப்பர் பண்டல் இருக்கிறதே, 500 தாள் உள்ளது, அது கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் கனம் வரும். மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு வைத்து, நகராமல் டேப் போட்டு ஒட்டினேன். இன்றைக்கும் என் கால் அதன் மேல்தான் இருக்கிறது.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நாற்காலி ஏறினால் கண்ணும் சேர்ந்து ஏறும்; மானிட்டர் பழைய இடத்திலேயே இருக்கும். தோள் வலி குறைந்து கழுத்து குனிய ஆரம்பித்துவிடும். ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் பாதியில் நிறுத்தியவர்கள்தான் "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், பிரயோஜனம் இல்லை" என்கிறார்கள். மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். புரோக்ரசிவ் கண்ணாடி (மேல்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி கிட்டத்துக்குமான கண்ணாடி) போடுபவர்கள் இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கியே பின்கழுத்து போய்விடும்.

அப்புறம் மவுஸ். வலது பக்கம் மட்டும் ஏன் அதிகம் வலித்தது என்பதற்கு விடை விசைப்பலகையில் இருந்தது. வலது ஓரத்தில் எண்களுக்கென்று ஒரு தனிக் கட்டம் இருக்குமே, அது மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது. கை உடம்பை விட்டு விலகி, நீண்டு, அந்தரத்தில் நிற்கிறது. எண்கட்டம் இல்லாத சின்ன விசைப்பலகை வாங்கினேன், மவுஸ் உள்ளே வந்தது. நான் வாங்கிய எல்லாவற்றிலும் உடனே பலன் தெரிந்தது இதில்தான். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது, எண்கட்டம் வேண்டும். அவர்கள் மவுஸை இடது கைக்குப் பழக்கிக்கொள்ளலாம். விசைப்பலகையின் அடியில் மடக்கி விரிக்கும் இரண்டு கால்கள் இருக்கும், அவற்றை மடக்கியே வையுங்கள். விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

மடிக்கணினியில் வேலை செய்பவராக இருந்தால் தனி விசைப்பலகையும் தனி மவுஸும் வாங்காமல் எதுவும் நடக்காது. திரையும் விசையும் ஒன்றாக ஒட்டியிருக்கிற சாதனத்தில் கழுத்துக்குச் சரி செய்தால் கைக்குக் கெடும், கைக்குச் சரி செய்தால் கழுத்துக்குக் கெடும்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். வாங்குவதென்றால் விலையைப் பார்க்காமல் இருக்கையின் ஆழத்தைப் பாருங்கள். முதுகைச் சாய்மானத்தில் முழுக்க ஒட்டி உட்கார்ந்தால் முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஆழம் அதிகமான நாற்காலி எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் குள்ளமானவர்களுக்கு உதவாது. நுனியில்தான் உட்கார நேரும், சாய்மானம் சும்மா நிற்கும். கைப்பிடி மேஜையில் இடித்து நாற்காலியை உள்ளே இழுக்க விடாவிட்டால் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். நான் கழற்றிவிட்டேன்.

"நான் வருஷக்கணக்காகச் சோபாவில் படுத்துக்கொண்டே கோடிங் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் வருவார்கள். நல்லது, அப்படியே இருங்கள். உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு சரியான உட்காரும் நிலை இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் குறைவாக இடம் நகர்ந்தது தொடைக்கும் முதுகுக்கும் நடுவே 90 டிகிரி இருக்கும்படி விறைப்பாக உட்கார்ந்தபோது அல்ல, அது 135 டிகிரி ஆகும் அளவுக்குப் பின்னால் சாய்ந்தபோதுதான். அதற்காக நாள் முழுக்கச் சாய்ந்தே தட்டச்சு செய்யவும் முடியாது. கொஞ்ச நேரம் சாயுங்கள், கொஞ்ச நேரம் நிமிருங்கள், போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுங்கள். எந்த நிலையிலும் நெடுநேரம் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் எரிச்சல் பற்றி. திரையைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சிமிட்டும் கொஞ்சமும் அரைகுறையாக, இமை முழுக்க மூடாமல் நடக்கிறது. கண்ணின் ஈரப்படலம் காய்கிறது. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். முடிந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில், 20 விநாடி பார்க்கச் சொல்லும் வழக்கம் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் 1990-களில் சொன்னது. நான் 20 நிமிடத்தையெல்லாம் கணக்கு வைப்பதில்லை, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து இமையை முழுக்க மூடித் திறப்பேன். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது.

கண் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். செயலிகளில் ஆங்கில எழுத்துக்கு வைக்கும் அதே அளவில் தமிழையும் வைத்துவிடுகிறார்கள், அதுவும் வெளிர் சாம்பல் நிறத்தில். 'ன'வுக்குச் சுழி எத்தனை, 'ண'வுக்கு எத்தனை, 'ள்' மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே திரைக்குள் தலையை விட வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துக்குள் சுழியும் கொம்பும் அதிகம்; கொஞ்சம் பெரிதாகவும், வரிகளுக்கு நடுவே இடம் விட்டும் வைத்தால்தான் படிக்க வரும். தமிழ்ச் செயலிகள் செய்கிறவர்களிடம் இதைப் பல முறை சொல்லியாயிற்று, "டிசைன் கெட்டுவிடும்" என்பார்கள். படிக்கிறவர் கழுத்து கெடுவது அவர்களுக்குக் கணக்கில் வரவில்லை. அதுவரை நீங்களே பிரவுசரில் எழுத்தை 125 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி வையுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால், நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் முன்னால் குனிந்துகொண்டேதான் இருப்பீர்கள்.

கடைசியாக, அந்தப் பத்து மணி நேரம். "உட்கார்ந்த இடத்தில் வேலை, இதில் என்ன வலி?" என்று கேட்பவர்களால் எனக்கு வந்த மனவலி கொஞ்சநஞ்சமல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-களின் தொடக்கத்திலேயே எழுத்தர்களுக்கு வரும் நோய்களுக்கு மூன்று காரணம் எழுதி வைத்தார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது. மூன்றாவதைப் படித்தபோது என் வேலையை நேரில் பார்த்து எழுதினாரோ என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். உங்கள் பத்து மணி நேரம் ஆறு நாளுக்கும் என்றால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதற்கு எந்தக் கால்மேடையும் மருந்து ஆகாது. நேரத்தைக் குறைக்கக் கேட்கிற நிலையில் இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது, முடிந்தால் கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பவர்களுக்கு, நெடுநேரம் உட்காருவதால் வரும் கெடுதல் பெருமளவு குறைவதாக 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் கிடைக்கிற அளவுக்கு நடங்கள்.

நான் டாக்டர் இல்லை. மேலே சொன்னதெல்லாம் இறுக்கத்துக்கும் சோர்வுக்கும் மட்டும்தான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் கையை உதற வேண்டி வந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்படலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையை ஊன்றி உட்காருகிறீர்களா என்று பாருங்கள், அங்கே ஓடுவது வேறு நரம்பு. கழுத்திலிருந்து கை வழியாக மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால், கையில் பிடி தளர்ந்து பொருள் நழுவினால், மேஜையை அளந்துகொண்டு நாளைக் கடத்தாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்தப் பக்கவாட்டுப் போட்டோவையும் போனில் வைத்துக்கொண்டு போங்கள்.