உதமாரோவின் அழகிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்தானே?

பதில்: முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஓவியர் கிதாகவா உதமாரோவின் ‘இக்காலத்து மூன்று அழகிகள்’ (1793 வாக்கில் வந்தது) படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். மூன்று தலைகள், ஒரு முக்கோணம். மூக்கின் வளைவு, கண்ணின் சாய்வு, தாடையின் வட்டம் எல்லாவற்றிலும் மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் அதிலேயே ஆள் மாறிவிடுகிறாள். தேநீர்க்கடைப் பெண் ஒகிதாவை உடையிலுள்ள பவுலோனியாப் பூச் சின்னத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: பின்னணியில் ஏன் ஒன்றுமே இல்லை?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். 1780களில் தோரி கியோநாகா என்ற ஓவியர் நெட்டையான பெண்களை வரிசையாக நிற்கவைத்து, பின்னால் ஆற்றங்கரையையும் காட்டினார். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து வைத்தால்தான் காட்சி முழுமையாகும். உதமாரோ அதையெல்லாம் விட்டுவிட்டு மார்பளவில் நெருங்கி வந்தார். பின்னால் காக்காப்பொன் (மைக்கா) தூள் பூசிய வெறும் பரப்பு. தாளைச் சாய்த்தால் அது மினுங்கும். புத்தகப் படத்தில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிவது பெரிய இழப்பு. அந்தப் பரப்பைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைக்காதீர்கள். கொண்டையின் கருப்பும் தோளின் வளைவும் அதை வெட்டி வெட்டி ஒரு வடிவமாக்குகின்றன. பெண்ணின் உருவத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் ஒருமுறை பென்சிலால் வரைந்து பாருங்கள், புரியும்.

கேள்வி: கிமோனோவின் கட்டங்கள் பல இடங்களில் மடிப்போடு சேர்ந்து வளையவில்லையே, தவறா?

பதில்: தவறில்லை. துணி அசைவதைக் கருப்புக் கோடு சொல்லிவிடுகிறது. கட்டங்கள் தட்டையாகவே இருப்பதால் உடை முழுவதும் ஒரே பரப்பாக நிற்கிறது. இங்கே நிழல் கிடையாது, கோடும் பரப்பும்தான்.

கேள்வி: நெற்றியோர முடியை உதமாரோவே செதுக்கினாரா?

பதில்: இல்லை. அவர் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு; பதிப்பாளர் பல படங்களுக்கு த்சுதாயா ஜூசாபுரோ. செர்ரி மரக்கட்டையில் ஒவ்வொரு முடியையும் விட்டுவிட்டு மற்றதைச் சீவியெடுப்பது கைதேர்ந்தவர்களின் வேலை.

கேள்வி: பிடரியை ஏன் இவ்வளவு காட்டுகிறார்கள்?

பதில்: அன்றைய எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பிடரிதான் அழகு. ஆனால் முதுகைத் திருப்பினால் முகம் போய்விடுமே? அதற்கு உதமாரோ கையாண்ட வழி கண்ணாடி. ஒரு படத்தில் பெண் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். பெரிய வட்டக் கண்ணாடியின் ஒரு பகுதியைத் தாளின் விளிம்பு வெட்டிவிடுகிறது. மீதியில் அவள் முகம்.