வாட்டர்லூ மேசைக்கு ஓர் ஒத்திகை: கேள்வி பதில்

மேசையில் பொம்மை வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் பெரிய மினியேச்சர் போர் ஆட்டங்களில் நடுவராக நிற்பவன் நான். நெப்போலியனின் பிரெஞ்சுப் படையை வெலிங்டனின் பிரிட்டிஷ் கூட்டுப் படையும் அதற்குத் துணையாக வந்த பிரஷ்யப் படையும் தோற்கடித்த வாட்டர்லூ போரை முப்பது பேர் கூடி ஒரே நாளில் ஆடத் திட்டமிட்டிருக்கும் குழுவினர் ஒத்திகை பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: எங்களில் பெரும்பாலோருக்கு விதிகள் அத்துப்படி. பிறகு ஒத்திகை எதற்கு?

பதில்: கடிகாரத்துக்காக. (விதிகள் அத்துப்படியானவர்கள்தான் அதிகம் வாதாடுவார்கள் என்பது வேறு விஷயம்.) 1815 ஜூன் 18 அன்று சண்டை காலை 11.30 வாக்கில் தொடங்கி இரவு 8.30 வரை நீடித்தது. ஒரு சுற்று என்பது போரின் அரை மணி நேரம் என்றால் 18 சுற்றுகள். சாப்பாட்டு நேரம் போக உங்களுக்கு ஆறு மணி நேரம்தான் இருக்கும். ஆக, ஒரு சுற்று 20 நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். அது 35 நிமிடம் இழுத்தால் பத்தே சுற்றுகளில் பொழுது போய்விடும். அப்போது மேசையில் மணி மாலை 4.30. தளபதி பியூலோவின் பிரஷ்யப் படை காட்டிலிருந்து வெளியே வரும் நேரம் அதுதான். பிரஷ்யத் தரப்பில் ஆட வந்தவர்கள் நாள் முழுக்கத் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் காலாட்படை கிளம்பிய பகல் 1.30-இலிருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். உகுமோன் பண்ணையில் சண்டை ஏற்கெனவே மூண்டுவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். 14 சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் என்றால் நாளுக்குள் அடங்கும். 35-ஐ 25 ஆக்க எந்த விதியை வெட்டுவது என்பதையும் ஒத்திகைதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: போர்க்களம் முழுவதையும் விரித்து ஆட வேண்டுமா?

பதில்: வேண்டாம். லா ஹே சாந்த் பண்ணையிலிருந்து பாப்லோத் பண்ணை வரையுள்ள பகுதி போதும். பிரெஞ்சுக் காலாட்படை மேலேறுவது, பீரங்கிகள், பிரிட்டிஷ் தளபதி அக்ஸ்பிரிட்ஜின் கனரகக் குதிரைப்படை பாய்வது எல்லாமே அங்கே நடக்கும். நேரத்தை விழுங்குவது குதிரைப்படைதான். பாய்ச்சல், எதிர்ப்பாய்ச்சல், சதுர வியூகம், பின்வாங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பகடை உருட்டுவார்கள். எட்டுப் பேரை அழையுங்கள். அவர்களில் நான்கு பேராவது இந்த விதிகளை ஆடிப் பார்க்காதவர்களாக இருக்கட்டும்.

கேள்வி: பொம்மைகளுக்கு இன்னும் வண்ணம் பூசி முடியவில்லை. தள்ளி வைக்கலாமா?

பதில்: தள்ளி வைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டாலியனின் முகப்பு அகலத்துக்கும் அட்டை வெட்டி வைத்து ஆடலாம். ஆனால் இரண்டு பட்டாலியன்களாவது, ஒரு குதிரைப்படைப் பிரிவாவது அசல் பொம்மைகளாக இருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் பொம்மைகளை நெருக்கி நிறுத்தினால் ஒருவனுடைய துப்பாக்கி முனை அடுத்தவனின் முதுகுப்பையில் சிக்கிக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் மூன்று கூடவே வரும். வெலிங்டன் படையை மறைத்து நிறுத்திய மேட்டுச் சரிவைச் செங்குத்தாகச் செய்துவிட்டால், குதிரை வீரர்கள் யாரும் சுடாமலே சறுக்கி விழுவார்கள். அட்டை இதையெல்லாம் சொல்லாது.

கேள்வி: ஒத்திகையில் பிரெஞ்சுத் தரப்பு படுதோல்வி. அவர்களுக்குக் கொஞ்சம் வலு கூட்டலாமா?

பதில்: ஒரு நாள் பகடை விழுந்த விதத்தை வைத்து விதியைத் திருத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. யார் ஜெயித்தார்கள் என்பதை ஒத்திகைக் குறிப்பில் எழுதவே வேண்டாம்.

கேள்வி: குரூஷி வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க ஆசை.

பதில்: பிரஷ்யர்களைத் துரத்த நெப்போலியன் அனுப்பிய தளபதி அவர்; 33,000 பேரோடு வாவ்ர் என்ற ஊரில் சிக்கியிருந்தார். வரவைப்பதா இல்லையா என்பதை நடுவர் தனியே முடிவு செய்து உறையில் போட்டு ஒட்டிவைக்கட்டும். ஒத்திகையில் பார்க்க வேண்டியது வேறு: பிளான்ஸ்நுவா கிராமத்தின் பக்கமாக ஒரு முழு பிரஷ்யக் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) மேசைக்குள் நுழைய இடம் இருக்கிறதா? பெரும்பாலும் ஓரத்திலேயே முண்டியடித்து நிற்கும்.

கேள்வி: ஆள் குறைவு. நடுவரும் ஒரு படையை நடத்தலாமா?

பதில்: கூடாது. 1824-இல் ரைஸ்விட்ஸ் பிரஷ்ய ராணுவத்துக்கு வகுத்த போர் ஆட்டத்திலேயே நடுவர் தனி ஆள்தான். அவர் கையில் கடிகாரமும் குறிப்பேடும் மட்டும் இருக்கட்டும். ஒரு விதி ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால், பகடை உருட்டி முடிவு சொல்லிவிட்டு, சந்தேகத்தை எழுதிக்கொண்டு நகர வேண்டும். மறுநாள் உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை அந்தச் சந்தேகங்கள்தான்.

கேள்வி: மண்டபத்தில் எட்டடி அகல மேசை போட இடமிருக்கிறது. போடலாமா?

பதில்: நடுவில் நிற்கும் பட்டாலியனை யார் நகர்த்துவது? கை எட்டுவது மூன்றடி. எக்கினால் சட்டைக்கை முன்வரிசையைச் சாய்த்துவிடும். ஆறடியைத் தாண்டாதீர்கள். குழுவிலேயே குட்டையானவரை மேசை ஓரத்தில் நிறுத்தி, நடுவில் இருக்கும் பொம்மையை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒத்திகையை எப்போது வைப்பது?

பதில்: மூன்று வாரங்களுக்கு முன்பு. திருத்திய விதிகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து, வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் அனுப்ப அவ்வளவு அவகாசம் வேண்டும். முதல் நாள் மாலையில் வைத்தால், கண்டுபிடித்த குறைகளோடு மறுநாள் ஆட வேண்டியிருக்கும்.