மிதவையில் விழுகிற பெண்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 15 வயது, 47 கிலோ. இரண்டு ஆண்டுகளாக ஸ்டாண்ட்-அப் பேடில் பழகுகிறாள், பலகையில் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டு. வாரம் நான்கு நாள் முட்டுக்காடு உப்பங்கழியில் பயிற்சி. நேர்கோட்டில் அவளைப் பிடிக்க அவள் வயதில் ஆளில்லை. 14 அடி நீளம், 21.5 அங்குல அகலத்தில் ஒரு கார்பன் ரேஸ் போர்டு பழையதாகக் கிடைத்தது, வாங்கிக் கொடுத்தேன். ஆனால் கடலில் நடந்த போட்டியில், சுற்றித் திரும்ப வேண்டிய ஒவ்வொரு மிதவையிலும் விழுந்தாள். பின்னாலிருந்து இரண்டாவதாக வந்தாள். கடலைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். கரையிலிருந்து கத்தியும் பார்த்துவிட்டேன். சர்ஃபிங் ஒலிம்பிக்கில் இருக்கிறது, உலகமெங்கும் வளர்கிறது. பேடில் இல்லை. இப்போதே அவளை சர்ஃபிங்குக்கு மாற்றிவிடலாமா?

ஆர்., திருவான்மியூர்

*

அன்புள்ள ஆர்.,

கேட்டதற்கு முதலில் பதில். சர்ஃபிங் 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2024இல் தஹித்தியில் நடந்தது, 2028இல் கலிபோர்னியாவில் நடக்கும். பேடில் யாருடைய விளையாட்டு என்று சர்வதேச சர்ஃபிங் சங்கமும், கனூ என்ற சிறு துடுப்புப் படகுக்கான சர்வதேசக் கூட்டமைப்பும் வழக்காடின. ஒலிம்பிக் அளவில் அது சர்ஃபிங் சங்கத்துக்கே உரியது என்று விளையாட்டு நடுவர் மன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் ஒலிம்பிக் கதவு பேடிலுக்குத் திறக்கவில்லை. 2019 லிமா பான் அமெரிக்கப் போட்டிகளில் பேடில் ரேஸுக்குப் பதக்கம் இருந்தது. நம் பக்கத்தில், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். வளர்ச்சி உண்மைதான். அதற்காக 15 வயதுப் பெண்ணின் விளையாட்டைப் பிடுங்காதீர்கள். இரண்டையும் செய்யட்டும். அலை தெரிந்தவளுக்குப் பேடில் ரேஸிலும் அது உதவும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரிக்காக. ‘ஒவ்வொரு மிதவையிலும் விழுந்தாள்... பயப்படுகிறாள்.’ சில காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. பிள்ளைகளைத் தேங்கிய நீரில் நேர்கோட்டில் ஓட்டிப் பழக்கிவிட்டு, கடலில் கொண்டுபோய் விட்டு, விழுந்தால் தைரியம் போதாது என்கிறோம். உங்கள் மகள் பயத்தால் விழவில்லை. 21.5 அங்குல அகலத்தால் விழுகிறாள். அந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்.

அந்த போர்டு 70, 75 கிலோ எடையுள்ள பெரியவரை மனதில் வைத்துச் செய்தது. கொள்ளளவு அநேகமாக 200 லிட்டருக்கு மேல் இருக்கும். 47 கிலோ அதன்மேல் நின்றால் போர்டு நீரில் அமராமல் மேலேயே மிதக்கும். காற்று அதைத் தள்ளும், சிற்றலை அதை ஆட்டும். மிதவையில் திரும்புவதற்கு வாலை, அதாவது போர்டின் பின்முனையை, அமுக்க வேண்டும். அமுக்க அவளிடம் எடை இல்லை, அதனால் இன்னும் பின்னால் போவாள். அங்கே போர்டு இன்னும் குறுகல். அகலம் குறைவு, கொள்ளளவு அதிகம் என்ற சேர்க்கை எடை குறைந்தவருக்கு மிகக் கெட்டது.

நீளம்தான் வேகம் என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். நீர்மட்ட நீளத்தை வைத்து வேக எல்லையைச் சொல்லும் பழைய படகுக் கணக்கில் 14 அடிக்கு மணிக்கு 9.3 கிலோமீட்டர், 12.5 அடிக்கு 8.8. ரேஸ் போர்டுகள் ஒல்லியானவை என்பதால் வல்லவர்கள் இந்த எல்லையைத் தாண்டுவார்கள். ஆனால் 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பெண் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. அந்த வேகத்தில் விநாடிக்கு 2.2 மீட்டர். விழுந்து, ஏறி, நின்று, துடுப்பைப் பிடிக்க 8 விநாடி என்றால் சுமார் 18 மீட்டர் போயிற்று, நான்கு போர்டு நீளத்துக்கு மேல். ஐந்து மிதவையில் ஐந்து முறை விழுந்தால் 90 மீட்டர். எந்தக் கார்பனும் அதைத் திருப்பித் தராது. அவளுக்கு இப்போது வேண்டியது 12 அடி 6 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள, மூக்கு சற்று மேலே வளைந்த, கடலுக்கென்று செய்த போர்டு. மூக்கு கத்தி மாதிரி நேராக இருப்பது தேங்கிய நீருக்கானது. அலையில் இறங்கும்போது அது முதலில் புதையும்.

துடுப்பு பற்றி நீங்கள் எழுதவில்லை. அவள் உயரத்தோடு 20 சென்டிமீட்டர் கூட்டிப் பாருங்கள், அது போதும்.

இப்போது திரும்புதல். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2008இல் கலிபோர்னியாவின் டேனா பாயின்ட்டில் ‘பேட்டில் ஆஃப் த பேடில்’ போட்டி தொடங்கியபோது, கூட்டம் கரையில் நின்று பார்க்கும்படி ஓடுபாதையை அலை உடையும் இடத்துக்குள்ளேயே மிதவை மிதவையாக மடித்துப் போட்டார்கள். பேடில் ரேஸைப் பார்க்க ஆள் வந்தது பெரிதும் அந்த வகைப் பாதையால்தான். இன்று டெக்னிக்கல் ரேஸ் என்கிறார்களே, அது இந்த வகை. நேர்கோட்டில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக வருவார்கள். மிதவையில்தான் பிரிவார்கள்.

இடப்பக்கத் திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். மிதவைக்கு 15 மீட்டர் முன்பே பாதையைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு போர்டு நீளம் விலகி அகலமாக உள்ளே வந்து, மிதவையை உரசினாற்போல வெளியேற வேண்டும். நெருக்கமாக நுழைந்தால் வெளியேறும்போது அகன்றுபோகும், அந்த இடைவெளியில் பின்னால் வருபவர் நுழைந்துவிடுவார். துடுப்பு வலப்பக்கம் மாறியிருக்க வேண்டும், மிதவையருகில் போய் மாற்றக் கூடாது. பிறகு வலது கால் பின்னால் போகிறது. அது போகும் அந்தக் கணத்தில் துடுப்பின் அலகு, அதாவது அதன் தட்டையான முனை, நீருக்குள் இருந்தாக வேண்டும். மூன்றாவது கால் அது. உங்கள் மகள் விழுவதில் பாதி இங்கேதான் நடக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். துடுப்பைக் காற்றில் தூக்கிக்கொண்டு அடி எடுத்து வைக்கிறாள். கழியில் அது தப்பிக்கும், கடலில் தப்பாது.

முதல் அடி போர்டின் நடுவிலுள்ள கைப்பிடி வரை, இரண்டாவது அடி வாலை நோக்கி. குதிக்கக் கூடாது. பாதங்கள் நடுக்கோட்டுக்குக் குறுக்கே, முழங்கால் நன்றாக மடிந்து, இடுப்பு தாழ்ந்து. வால் அமுங்கி மூக்கு எழுந்ததும், துடுப்பை உடலிலிருந்து தூரமாக வைத்து, நடுவிலிருந்து வால் வரை அகல வளைத்து வீச வேண்டும். மூன்று, நான்கு வீச்சில் மூக்கு திரும்பிவிடும். கண் காலைப் பார்க்கக் கூடாது. அடுத்த மிதவையைப் பார்க்க வேண்டும், தோள் கண்ணோடு போகும், போர்டு தோளோடு போகும். திரும்பி முடித்து முன்னால் வரும்போதும் அலகு நீரில் இருக்க வேண்டும். வந்தவுடன் முதல் வீச்சு இடப்பக்கம், அப்போதுதான் சுழற்சி நிற்கும்.

இன்னொரு தவறு வேகத்தைக் கொன்றுவிட்டுத் திரும்புவது. பயந்து நிறுத்திய போர்டு நின்றுபோன சைக்கிள் மாதிரி, இரு பக்கமும் சாயும். வேகத்தோடு நுழைந்தால்தான் நிற்க முடியும்.

இடது கால் முன்வைத்து நிற்பவர்களுக்கு இடப்பக்கத் திருப்பம் எளிது, துடுப்பு மார்பின் பக்கம் இருக்கும். வலப்பக்கத் திருப்பத்தில் துடுப்பு முதுகுப் பக்கம் போய்விடும். அதை இரண்டு மடங்கு பழக வேண்டும். பெரும்பாலோர் தனக்கு வசதியான பக்கமே பழகிவிட்டு, போட்டியன்று பாதையைப் பார்த்து விழிக்கிறார்கள்.

கடலில் ஒன்று கூடுதல். வெளி மிதவையில் அலை வரும்போது மூக்கைத் தூக்கினால் அலை அதைப் பிடித்து ஆளைப் புரட்டும். முகட்டை மூக்கால் எதிர்கொண்டு கடந்து, அதன் பின்புறச் சரிவில் திரும்ப வேண்டும். ஒரு விநாடி பொறுத்தால் போதும், அந்த ஒரு விநாடிக்குத்தான் நீங்கள் கரையிலிருந்து ‘போ, போ’ என்று கத்தியிருப்பீர்கள். தயவுசெய்து கத்தாதீர்கள். அலை எப்போது கடக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மிதவையிலும் விழுந்து ஒவ்வொரு முறையும் ஏறிப் போட்டியை முடித்த பெண்ணைப் பயந்தவள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அவளிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

பழக்க முறை இது. முதல் இரண்டு வாரம் 30 அங்குல அகலமுள்ள சாதாரண போர்டில், கழியிலேயே. ஆழம் மார்புக்கு மேல் இருக்கட்டும், போர்டின் அடியில் நீட்டியிருக்கும் ஃபின் தரையில் தட்டினால் ஆள் முன்னால் பறப்பார். திரும்பவே வேண்டாம், பின்னால் போய் முன்னால் வருவது மட்டும், ஒரு நாளுக்கு 20 முறை, அலகு நீரில். அடுத்து ஒரே இடத்தில் முழு வட்டம், இரு பக்கமும். வீச்சுகளை எண்ணி எழுதி வைக்கட்டும், 12இல் தொடங்கி 7க்கு வந்தால் நன்று. அப்புறம் 24 அங்குல போர்டில் அதையே. அதன் பிறகு மிதவை, பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து. தனியாக மிதவை சுற்றுவது வேறு, அடுத்தவர் போர்டு கிளப்பும் அலையில் சுற்றுவது வேறு. விழும்போது தட்டையாக, பக்கவாட்டில், போர்டிலிருந்து விலகி விழப் பழகட்டும். தலைகுப்புற விழவே கூடாது. இத்தனைக்கும் பிறகு கோவளத்துக்கு வாருங்கள், காலையில், கடற்காற்று எழும் முன்.

காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷையும் பாருங்கள். கழியில் சுருள் லீஷ் கட்டியிருப்பாள். சுருள் போர்டின் மேலேயே கிடக்கும், பின்னால் வைக்கிற கால் நேராக அதன்மேல் போய் விழும். மிதவையில் விழுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பட்டையைக் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழே ஏற்றிக் கட்டினால் அது கொஞ்சம் விலகும். அலை உடையும் இடத்தில் சுருளே வேண்டாம், நேரான 10 அடி லீஷ். சுருள் இழுபட்டால் போர்டை ஆள்மேலேயே திருப்பி அடிக்கும். விழுந்து எழும்போது அலைக்கும் தனக்கும் நடுவில் போர்டு இருக்கும்படி நிற்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

அந்த 21.5 அங்குலத்தை விற்க வேண்டாம். அவள் 60 கிலோ தாண்டட்டும், அதற்குள் வலப்பக்கத் திருப்பம் இடப்பக்கம் போல் வந்திருந்தால் எடுத்துக் கொடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று முடியும்வரை கடல் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். அதுவரை வட்டக் கணக்கை வாரம் ஒருமுறை எனக்கு எழுதி அனுப்பட்டும். அவளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.