இரண்டு மாதச் சலுகைக்கு எதற்கு இவ்வளவு சண்டை? அமெரிக்கச் சம்பள வரி: கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் வருமான வரி போக, சம்பள வரி என்று தனியாக ஒன்று பிடிக்கிறார்களாமே. நம் ஊர் பி.எஃப். மாதிரியா?

பிடிக்கிற விதம் அப்படித்தான். ஊழியர் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும், 1.45 சதவீதம் முதியோர் மருத்துவத் திட்டமான மெடிகேருக்கும் போகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆனால் பி.எஃப். பணம் உங்கள் பெயரில் சேர்ந்து வட்டியோடு வரும். அங்கே இன்று வேலை பார்ப்பவர் கட்டுவது, இன்று ஓய்வில் இருப்பவருக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வரி முதல் டாலரிலிருந்தே பிடிக்கப்படுகிறது. வருமான வரியே வராத அளவுக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் ஹோட்டல் தொழிலாளியும் இதைக் கட்டியாக வேண்டும். மேலே இருப்பவருக்கோ வரம்பு உண்டு: 2025-இல் 1,76,100 டாலரைத் தாண்டிய சம்பளத்துக்கு அந்த 6.2 சதவீதம் கிடையாது.

கேள்வி: 2011 டிசம்பரில் இரண்டு கட்சித் தலைமைகளுமே வரிக் குறைப்பு நீடிக்கட்டும் என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் எங்கே முட்டிக்கொண்டது?

வரி குறைவதால் அரசுக்கு ஏற்படும் இழப்பை யார் தலையில் கட்டுவது என்பதில்தான். 2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஊழியர் பங்கை 6.2-லிருந்து 4.2 சதவீதமாக ஓராண்டுக்குக் குறைத்தது. ஆண்டுக்கு 50,000 டாலர் வாங்குபவருக்கு 1,000 டாலர் மிச்சம். இரண்டு வாரச் சம்பளத்துக்கு ஏறக்குறைய 40 டாலர். அதை நீட்டிக்க, பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் கூடுதல் வரி வாங்கலாம் என்றது ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சி அதைத் தடுத்தது. தன் பங்குக்கு, வேலையின்மை உதவித்தொகை தரும் வாரங்களைக் குறைப்பதையும், கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் கீஸ்டோன் குழாய்த் திட்டத்துக்கு விரைவில் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் மசோதாவில் சேர்த்தது. சம்பள வரிக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. டிசம்பர் 31-ஆம் தேதி கெடு இருந்ததால் எதை வேண்டுமானாலும் அதில் ஏற்ற முடிந்தது.

டிசம்பர் 17 அன்று செனட் 89-10 என்ற வாக்கில் இரண்டு மாதம் மட்டும் நீட்டித்தது. குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த பிரதிநிதிகள் சபை 20-ஆம் தேதி அதை ஏற்க மறுத்தது. இரண்டு மாதம் போதாது, ஓராண்டு வேண்டும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சம்பளப் பட்டியல் போடுகிறவர்களும் இரண்டு மாதக் கணக்கு பெரிய சிக்கல் என்றே சொன்னார்கள். ஆனால் கெடுவுக்குப் பத்து நாள் முன்னால் சொன்னால் யார் நம்புவார்கள்? சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கியதால் சபாநாயகர் பேய்னர் இறங்கிவந்தார். 23-ஆம் தேதி சட்டமானது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம், அந்த இரண்டு மாதச் சலுகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற அரசு ஆதரவு பெற்ற நிறுவனங்கள் வீட்டுக் கடனுக்கு வாங்கும் உத்தரவாதக் கட்டணத்தை 0.1 சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள், 2021 வரைக்கும். அதாவது இரண்டு மாதச் சலுகைக்காக, வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் ஏறக்குறைய பத்தாண்டுகள் கட்டின. கோடீஸ்வரர்மேல் வரி போட முடியாது என்று முடிவானதும் பாரம் இறங்கிய இடம் அதுதான்.

2012 பிப்ரவரியில் மீதி ஆண்டுக்கும் நீட்டித்தார்கள். அதற்கு விலையாக, வேலை இழந்தவருக்கான உதவித்தொகையின் உச்சம் 99 வாரத்திலிருந்து படிப்படியாக 73 ஆகக் குறைந்தது. 2013 ஜனவரியில் வரிக் குறைப்பு முடிந்து, பழைய 6.2 திரும்பியது.

கேள்வி: வரியைக் குறைத்தால் ஓய்வூதிய நிதி காலியாகாதா?

அப்போது ஆகவில்லை. குறைந்த தொகையை அரசு பொதுக் கணக்கிலிருந்து போட்டு ஈடுகட்டியது. ஆனாலும் முதியோர் அமைப்புகள் பயந்ததில் அர்த்தம் உண்டு. 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் இதை ஊழியரின் பங்களிப்பில் நிறுத்தியதே, பின்னால் வரும் எந்த அரசியல்வாதியும் இதைக் கலைத்துவிடக் கூடாது என்றுதான். பொதுக் கணக்கை நம்பத் தொடங்கினால் ஆண்டுதோறும் பட்ஜெட் சண்டையில் அது மாட்டிக்கொள்ளும். எளியவருக்கு உதவ வருமான வரியிலேயே சலுகை தருவது நல்லது என்பது என் கருத்து.

இன்றைய கவலை வேறு. திட்டத்தின் அறங்காவலர்கள் தந்த 2025 அறிக்கைப்படி, முதியோர் ஓய்வூதியக் கையிருப்பு 2033-இல் தீரும். அதன்பின் வரும் வரி வருமானம் 77 சதவீத ஓய்வூதியத்துக்கே போதும்.

கேள்வி: 2020-இல் டிரம்பும் இதே வரியைக் குறைத்தாரே?

குறைக்கவில்லை, தள்ளிவைத்தார். வரியைக் குறைக்க நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும், அது முன்வரவில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிடிக்காமல் விட்டதை 2021-இல் திருப்பிப் பிடித்தார்கள்.

கேள்வி: ஒரே கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தாலும் இந்த ஓய்வூதிய நிதிச் சிக்கலை ஏன் தீர்க்க முடியவில்லை?

நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வர 60 வாக்கு வேண்டும். வரவு-செலவு மசோதாக்களுக்கென உள்ள பட்ஜெட் சமரசம் என்ற தனி வழியில் 51 போதும்; ஆனால் சோஷியல் செக்யூரிட்டியை அந்த வழியில் தொடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆக, மறு கட்சி இல்லாமல் நடக்காது. 1983-இல் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனும் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் ஓ'நீலும் கைகோத்து, ஓய்வு வயதைப் படிப்படியாக 67-க்கு உயர்த்தினார்கள். நிதி தீர சில மாதமே இருந்ததால்தான் அதுவும் நடந்தது.

2025-இல் மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியம் ஆண்டு இறுதியில் காலாவதியாக இருந்தது. மறுபடியும் அதே கெடு, அதே பிடிவாதம். அரசு அலுவலகங்கள் 43 நாள் முடங்கின, நவம்பரில் ஏழைகளின் உணவு உதவி தடைபட்டது, மானியமோ நீட்டிக்கப்படவில்லை.

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கட்டிய பணம் கிடைக்குமா?

அம்மா, பணமாகத் திரும்பாது. ஓய்வூதியத்துக்கு, வேலை பார்த்து வரி கட்டுவதற்காகக் கிடைக்கும் புள்ளிகள் 40 வேண்டும், ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடைக்காது; அதாவது பத்தாண்டு உழைப்பு. இரு நாட்டுப் பங்களிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. சேர்ந்த புள்ளிகள் அழியாது. பிற்பாடு மீண்டும் போனால் அதிலிருந்தே தொடரலாம். அதற்கு முன் எஃப்-1 விசாவில் மாணவராக இருந்தாரா? முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக இந்த வரி பிடிக்கக் கூடாது. பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தவறாகப் பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அவர்கள் தராவிட்டால் வரித்துறைக்கு 843 படிவம். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் இந்த வாரமே பார்க்கட்டும்.