எல்லா முகங்களும் இடப்பக்கம் பார்க்கின்றன

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்களும் அம்மாவும் மேற்படிப்பு பற்றிக் கேட்க மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தபோது, "கவலைப்படாதீர்கள்" என்று நான்கைந்து முறையாவது சொல்லியிருப்பேன். கண் கலங்கி உட்கார்ந்திருப்பவர்களிடம் வேறென்ன சொல்வது? நீங்கள் கிளம்பிய பிறகு, அவள் கணினியில் வரைந்து பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போன 32 படங்களையும் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன். இப்போது அந்த ஆறுதலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட இரண்டு ஏற்பாடுகளும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று, பெரியப்பா பிடிவாதமாகச் சொல்லும் கணினிப் பொறியியல். மற்றொன்று, தாய்மாமா சமாதானத்துக்காகக் கொண்டுவந்த நான்காண்டு அனிமேஷன் பட்டம், அதுவும் படிப்புக் கடன் வாங்கி.

முதலாவதைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். அதற்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் மகளிடம், பள்ளியில் எழுதிய நிரல்களில் எது பிடித்தது என்று கேட்டேன். ஒன்றும் நினைவில்லை என்றாள். மூன்று வருடங்களுக்கு முன் வரைந்த ஒரு தபால்காரக் கிழவருக்கு எந்தக் காலின் செருப்பு வார் அறுந்திருந்தது என்பது மட்டும் யோசிக்காமல் வந்தது: இடது கால். நிரலில் மனம் ஒட்டும் பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. மனம் ஒட்டாத பிள்ளையை அங்கே நான்காண்டு உட்காரவைத்தால் அவளுக்கும் நஷ்டம், அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வேறொரு பிள்ளைக்கும் நஷ்டம்.

நான் அதிகம் பயப்படுவது இரண்டாவது ஏற்பாட்டைக் கண்டுதான். "வரையப் பிடிக்கிறதா, அனிமேஷனில் போட்டுவிடலாம்" என்று சொல்வது பாட்டுப் பிடித்த பிள்ளையை ஒலிப்பதிவுப் பொறியாளராக்குவதைப் போன்றது. அனிமேஷன் என்றால் அசைவு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஓர் ஆள் நான்கு அடி நடப்பதை ஒழுங்காகக் கொண்டுவர மாணவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். அசைவின் மேல் காதல் இருப்பவருக்கு அது சொர்க்கம். உங்கள் மகளின் 32 படங்களில் ஓடுகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நிற்கிறார்கள், அல்லது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் இடுப்பிலும் தோளிலும் ஏதாவது இருக்கிறது: சாவிக்கொத்து, கிழிந்து தைத்த பை, கைப்பிடிக்குத் துணி சுற்றிய ரம்பம். இவர் யார், என்ன தொழில் செய்கிறார், எத்தனை வருடமாகச் செய்கிறார் என்பதை அசையாத ஒரே படத்தில் சொல்லிவிடப் பார்க்கிறாள். அவளுடைய சாய்வு இங்கேதான் இருக்கிறது. அனிமேஷன் பட்டத்தின் பாடத்திட்டத்தில் இதற்குக் கிடைப்பது ஓரிரண்டு தாள்கள். அந்த ஓரிரண்டு தாள்களுக்காகவா நான்காண்டுக் கடன்?

படங்களில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஏறக்குறைய எல்லா முகங்களும் பார்ப்பவருக்கு இடப்பக்கமாக, முக்கால்வாசி திரும்பி இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 32-இல் 29. அதுதான் தன் பாணி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வலக்கையால் வரைகிற யாருக்கும் இடப்பக்கம் பார்க்கும் முகம்தான் எளிதாக வரும், மணிக்கட்டு அப்படித்தான் வளைகிறது. இந்த ஒற்றுமை மணிக்கட்டிலிருந்து வந்திருக்கிறது, பாணி என்று அதற்குப் பெயர் வைத்தது பிறகு. அடுத்த முறை வரும்போது படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். எந்த ஓவிய மென்பொருளிலும் ஒரு பொத்தானில் முடிகிற வேலை. திருப்பியதும் ஒரு கண் மற்றதைவிட மேலே ஏறியிருப்பது அவளுக்கே தெரியும்.

அன்று என் மேஜையில் நடந்ததை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. தெருவிளக்கேற்றும் ஒரு மூதாட்டியை வரைந்திருந்தாள், அவருடைய கண்ணிமை முடியை 400 சதவீதம் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கச் சொன்னேன். சுருக்கினாள். மூதாட்டி பின்னணிக்குள் கரைந்து போனாள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பச் சொன்னேன். வந்தது ஒரு மூட்டை. கையிலிருந்த ஏணி உடலோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் ஏணியைத் தோளிலிருந்து இரண்டு விரற்கடை விலக்கி, மறுபடியும் கறுப்பால் நிரப்பினாள். இந்த முறை கறுப்பிலேயே அது விளக்கேற்றும் கிழவி. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

"நல்ல கல்லூரியில் சேர்ந்தால்தானே தனக்கென்று ஒரு பாணி வரும்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பாரிஸில் அகாடமி ஜூலியன் என்று ஒரு தனியார் ஓவியப் பள்ளி இருந்தது. செக் நாட்டிலிருந்து போன அல்ஃபோன்ஸ் மூக்கா 1880-களின் இறுதியில் அங்கே படித்தார். அமெரிக்காவிலிருந்து போன ஜே. சி. லெயண்டெக்கர் 1890-களில் படித்தார். ஒரே பள்ளிதான். மூக்காவின் பெண்களைத் தடித்த வெளிக்கோடு சுற்றி வளைக்கும், கூந்தல் கொடிபோல் சுருளும், வண்ணம் தட்டையாக நிற்கும். லெயண்டெக்கரின் ஆட்களோ உளியால் செதுக்கியதுபோல் இருப்பார்கள். சட்டை மடிப்பின் மேல் தூரிகைக் கீற்றுகள் சாய்வாக, வரிவரியாக, மறைக்கப்படாமல் தெரியும். இத்தனைக்கும் லெயண்டெக்கர் மூக்காவைப் பார்த்துக் கற்றவர். லெயண்டெக்கரைப் பார்த்து, ஒளிவு மறைவில்லாமல் நகலெடுத்தே கற்றவர் அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் நார்மன் ராக்வெல். மூவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவரை மற்றவர் என்று யாரும் மயங்க மாட்டார்கள்.

இந்தச் சங்கிலி அங்கே அறுந்துவிடவில்லை. 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற கணினி விளையாட்டின் தோற்றத்தை அமைத்தவர்கள், லெயண்டெக்கர், ராக்வெல் போன்றவர்களின் பத்திரிகை ஓவியங்களையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். அதில் ஒன்பது வகைப் பாத்திரங்கள். தொலைவில் நிழலுருவாகத் தெரிந்தாலும் எவர் எவர் என்று பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே உடல்வாகை மாற்றி மாற்றி வடித்தார்கள். கால்கள் இருண்டும் மார்பு வெளிச்சமாகவும் இருக்கும், அதனால் கண் நேராக மார்புக்கும் அங்கே பிடித்திருக்கும் ஆயுதத்துக்கும் போகும். 1951-இல் மறைந்த லெயண்டெக்கரின் பாணி இப்படி இன்னொருவர் கைக்குப் போகிறது. கல்லூரிக் கட்டண ரசீதோடு அது வருவதில்லை.

இனி, உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி. மேஜை விளையாட்டுகளுக்கும் அட்டை விளையாட்டுகளுக்கும் பாத்திர ஓவியம் வரைவது. பெரியப்பா சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டுகள் இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் இந்த வகையைத் தொடங்கிவைத்தது. அட்டை விளையாட்டில் 'மேஜிக்: த கேதரிங்' 1993-இல் வந்தது. அதன் ஒவ்வோர் அட்டையிலும் கீழே ஓவியரின் பெயர் அச்சாகிறது. பலரிடமிருந்து சிறு தொகைகளைத் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் 2009-இல் வந்த பிறகு, இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கும் சின்னப் பதிப்பகங்களும் இத்தகைய விளையாட்டுகளுக்கான நூல்களை வெளியிடுகின்றன. அந்த நூல்களின் பக்கங்களில் நிறைந்திருப்பவை என்ன? பின்னணி இல்லாமல் தனித்து நிற்கும் ஆட்கள். கையில் ஒரு பொருள், உடையில் ஒரு கதை. உங்கள் மகள் யாரும் கேட்காமலே மூன்று வருடமாக வரைந்துகொண்டிருப்பது இதைத்தான்.

வேலை வரும் விதத்தைச் சொல்கிறேன். கலை இயக்குநர் ஒரு குறிப்பு அனுப்புவார்: "படகோட்டிப் பெண், ஐம்பது வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை. பயந்தவளாக இருக்கக் கூடாது, களைத்தவளாக இருக்க வேண்டும். பின்னணி வேண்டாம். அளவு: கால் பக்கம்." ஓவியர் மூன்று சிறு மாதிரிகளைக் கிறுக்கி அனுப்புவார். ஒன்று தேர்வாகும், திருத்தம் வரும். அதற்குப் பிறகுதான் வண்ணம். கால் பக்கம், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று அளவுக்கேற்ப ஊதியம். பட்டம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு படங்கள் கொண்ட போர்ட்ஃபோலியோவின், அதாவது மாதிரித் தொகுப்பின், இணைப்பைத்தான் கேட்பார்கள். பாணி காசாவதும் இங்கேதான். அந்தப் பன்னிரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று தெரிந்தால்தான், பதின்மூன்றாவதும் இப்படியே வரும் என்று நம்பி ஒருவர் முன்பணம் அனுப்புவார்.

இது அச்சு வேலை என்பதால் தொழில்நுட்பமும் வேண்டும். அவளுடைய படங்களில் பாதி 1000 பிக்சல் அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுக் கணக்கில் அது மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முழு ஏ4 பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் தேவை. திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கிவிடும், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் உரிமை முழுவதையும் எழுதிக்கொடுக்கிறோமா, அந்தப் பதிப்புக்கு மட்டும் தருகிறோமா, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், வேலை பாதியில் நின்றுபோனால் எவ்வளவு தருவார்கள் என்ற நான்கையும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வயது நிரம்பும்வரை இதைப் படிப்பது உங்கள் வேலை, ஐயா.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது, மலிவான வேலைகளில் ஒரு பகுதியைத் தின்றும்விட்டது. ஆனால் மேஜிக் அட்டைகளை வெளியிடும் நிறுவனம், இறுதி ஓவியங்களை உருவாக்க அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023 டிசம்பரில் தன் ஓவியர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதனால் முதல் கிறுக்கலிலிருந்து லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காக, எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் பழக்கம் இப்போதே வர வேண்டும். கையால் வரைந்தேன் என்பதற்கு அவைதான் சாட்சி.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்தத் தொழிலில் வருமானம் தவணையாக வராது, திட்டுத்திட்டாக வரும். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் கைச்செலவுக்கு வந்தாலே பெரிது. மாதா மாதம் கட்ட வேண்டிய கடனை அதன் தலையில் ஏற்றினால், கிடைத்த வேலையை எல்லாம் கிடைத்த விலைக்கு எடுத்து, ஒரே வருடத்தில் கை சலித்துப்போவாள். ஆகவே கடன் கூடாது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய, கட்டணம் குறைந்த, மாலை நேரம் மிஞ்சுகிற ஒரு பட்டம் போதும். வரலாறு, மானுடவியல், ஆடை வடிவமைப்பு எதுவானாலும் சரி. ரம்பத்தின் கைப்பிடிக்கு ஏன் துணி சுற்றுகிறார்கள் என்று யோசிக்கிற பிள்ளைக்கு இவை தீனி போடும், நாளைக்கு வேறு வேலைக்குப் போக நேர்ந்தாலும் பட்டம் கையில் இருக்கும். திரையோடு கூடிய விலையுயர்ந்த டேப்லெட் வாங்கித் தருவதாக மாமா சொன்னாராம். வேண்டாம். திரையில்லாத சாதாரணப் பேனா டேப்லெட்டே பல வருடம் தாங்கும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசம், தொழில்முறை வேலைக்கே போதுமானது. செலவு செய்தே தீர வேண்டுமென்றால் முதுகைத் தாங்குகிற நல்ல நாற்காலி வாங்குங்கள். அன்று அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்கே கழுத்து வலித்தது.

இந்தப் பகுதியை அவளிடம் கொடுங்கள்.

அம்மா, பாணி வரவில்லையே என்று அழுவதை நிறுத்து. மென்பொருளுக்குக் காசு கொடுத்து பிரஷ் தொகுப்பு வாங்குவதையும் நிறுத்து. மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு பிரஷ். வண்ணம் தொடுவதற்கு முன் சாம்பல் நிறத்தில் மூன்றே அளவு: இருட்டு, நடு, வெளிச்சம். அதில் ஆள் நிற்கவில்லை என்றால் வண்ணம் வந்து காப்பாற்றாது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று ஓவியர்களை எடுத்துக்கொண்டு, உன் தபால்காரரை மூவர் கையாலும் ஒவ்வொரு முறை வரை. நகல் என்று பெயர் போட்டுத் தனியாக வை, விற்காதே. நான்காவது முறை எதையும் பார்க்காமல் வரை. மூவரிடமிருந்தும் எது உன் கையோடு தங்கியிருக்கிறது, எதை உன் கை உதறிவிட்டது என்று எழுதிவை. அந்தக் காகிதத்தை எனக்குக் காட்ட வேண்டாம். அப்புறம், வலப்பக்கம் பார்க்கும் முகங்கள் பத்து. அசிங்கமாகத்தான் வரும், வரட்டும்.

ஐயா, அடுத்த மாதம் வரும்போது பெரியப்பாவையும் தவறாமல் அழைத்து வாருங்கள். விவாதம் செய்ய அல்ல. அவள் புதிதாக வரையப்போகும் ஐந்து பேரையும் கறுப்பு உருவங்களாக அச்செடுத்து என் அறைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். அவர் வாசலிலேயே நின்று, யார் யார் என்ன தொழில் செய்பவர் என்று சொல்லட்டும். ஓவியத்தில் துளியும் அக்கறை இல்லாத அவரைவிட நல்ல தேர்வாளர் அவளுக்குக் கிடைக்க மாட்டார். மூன்று பேரையாவது அவர் சரியாகச் சொல்லிவிட்டால், அன்றைக்கே உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பலாம்.